கியர் இல்லாத சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், வெண்ணந்தூர்



நம் ஆண்டு மலரில் ராக்கெட்டைப் பற்றியும் ரோபோவைப் பற்றியும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். தினமும் காலையில் நம்மைக் காலேஜில் கொண்டுவந்து சேர்க்கும் சைக்கிளைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

கையில் பஸ் பாஸ் இருக்கும்போது சைக்கிள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பாஸ் இருக்கிறது, பஸ் நிற்க வேண்டுமே! கூட்டத்தைப் பார்த்ததும் ஸ்டாப்பைத் தாண்டிப் போகிற பஸ்ஸை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதை விட்டால் அடுத்தது வருவதற்குள் முதல் ஹவர் முடிந்துவிடும். ஒர்க் ஷாப் பீரியடாக இருந்தால் அன்றைய ஜாப்பும் போச்சு, வருகைப் பதிவும் போச்சு.

இன்னொன்றும் உண்டு. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கொடுக்கிறார்கள். பிளஸ் டூ முடித்து நேரே இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த நண்பர்கள் பலர் அந்த வண்டியில்தான் வருகிறார்கள். பத்தாவது முடித்து நேராக டிப்ளமோவுக்கு வந்த நாம் 11-ஆம் வகுப்பு வாசலையே மிதிக்கவில்லை. ஆகவே நமக்கு வண்டி வேண்டுமென்றால் வீட்டுக் காசில்தான் வாங்கியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள் நான். அப்பா, அம்மா இரண்டு பேரும் வெண்ணந்தூரில் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறார்கள். ஒரு சைக்கிளின் விலை எங்கள் வீட்டுக்கு எத்தனை வாரக் கூலி என்று எனக்குத் தெரியும். உங்களில் பலர் வீட்டிலும் கணக்கு இதுதான். அதனால் வண்டியின் கலரையும் ஸ்டிக்கரையும் பார்த்து வாங்குகிற வசதி நமக்கு இல்லை. படித்த படிப்பை வைத்துப் பார்த்து வாங்குவோமே!

இனி விஷயத்துக்கு வருவோம்.

1. கியர் வேணுமா, வேண்டாமா?

கடையில் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது கியர் வண்டிதான். ஏழு பல், இருபத்தொரு கியர் என்பார்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை மிதித்தே ஏறப் போகிறவருக்குக் கியர் அவசியம் என்பதில் ஐயமில்லை. வெண்ணந்தூர், ராசிபுரம் பக்கம் நம் பாதை எப்படி? பக்கத்தில் அலவாய்மலை நிற்கிறது, உண்மைதான். ரோடு அதன்மேல் ஏறவில்லை! ஒன்றிரண்டு சின்ன மேடுகள், ஒரு பாலத்து ஏற்றம், மற்றபடி சமவெளி.

சமவெளியில் ஒரே கியர் போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். செயின் டிரைவ் பாடத்தில் படித்த வேக விகிதம்தான். பெடலோடு சேர்ந்து சுற்றும் பெரிய பல் சக்கரத்தின் பற்களை, பின் சக்கரத்து பிரீ வீல் பற்களால் வகுக்க வேண்டும். என் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18. வகுத்தால் 2.44. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின் சக்கரம் 2.44 சுற்று சுற்றும்.

28 x 1½ டயர் போட்ட சக்கரத்தின் விட்டம் சுமார் 711 மில்லிமீட்டர். சுற்றளவு 2.23 மீட்டர். 2.44-ஆல் பெருக்கினால் ஒரு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.46 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 50 சுற்று என்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 60 சுற்று மிதித்தால் 20-ஐ நெருங்கும். எங்கள் வீட்டிலிருந்து காலேஜ் 9 கிலோமீட்டர். நிதான வேகத்திலேயே 33 நிமிடம். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் வந்தே சேர்ந்துவிடலாம்!

ஆடி மாதத்து எதிர்காற்றில் மிதிக்க முடியவில்லை, கேரியரில் பாரம் வேறு இருக்கிறது என்பவர்களுக்கும் வழி உண்டு. 18 பல் பிரீ வீலைக் கழற்றிவிட்டு 20 பல் போடச் சொல்லுங்கள். விகிதம் 2.2 ஆகும். அதே காலழுத்தத்துக்கு 11 சதவீதம் கூடுதல் இழுவை கிடைக்கும். அதே மிதிக்கு வேகம் 10-இல் ஒரு பங்கு குறையும். அவ்வளவுதான். பிரீ வீல் என்பது தனியாகக் கிடைக்கிற சின்ன சாமான். பின் சக்கரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் பழைய செயினே பெரும்பாலும் போதும், இல்லையென்றால் ஒரு கண்ணி சேர்த்தால் சரி.

கியர் வண்டியில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பின்னால் பல் சக்கரங்களை அடுக்க இடம் விடுவதால் ஸ்போக்குகள் இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் நிற்பதில்லை. ஒரு பக்கம் அதிக இறுக்கம், மறுபக்கம் குறைவு. ஒற்றைப் பல் வண்டியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம், அதனால் சக்கரம் பலமாக இருக்கும். செயினும் அகலமானது. கியர் வண்டிச் செயினின் உள் அகலம் 3/32 அங்குலம், நம்முடையது 1/8 அங்குலம். கியரை மாற்றித் தரும் அந்தக் கை போன்ற சாதனம் ஒரு தடவை வளைந்துவிட்டால் கிராமத்துக் கடையில் அதற்கு மாற்றுக் கிடைப்பது கஷ்டம்.

2. ரெடிமேடா, மாட்டிய வண்டியா?

முன்பெல்லாம் பிரேம் ஒரு கம்பெனி, ரிம் ஒரு கம்பெனி, செயின் ஒரு கம்பெனி என்று வாங்கி, கடைக்காரரிடமே கொடுத்து மாட்டி ஓட்டியவர்கள் அதிகம். இன்றும் சில கடைகளில் அப்படி மாட்டித் தருகிறார்கள். சாமான்களின் தரம் தெரிந்தவருக்கு அது லாபம். தெரியாதவருக்கு, எந்த சாமான் பழையது, எது புதியது என்றே புரியாது. முதல் வண்டி வாங்குகிறவர் கம்பெனி ரெடிமேடு வண்டி வாங்குவதே நல்லது. பில் கிடைக்கும், பிரேமில் அடித்த நம்பர் இருக்கும், ஏதாவது என்றால் கேட்க ஒரு இடம் இருக்கும்.

ஆனால் ரெடிமேடு என்றாலும் வண்டி முழுதாகப் பூட்டி வருவதில்லை. பெட்டியில் பாதி பிரித்த நிலையில் வரும். ஹேண்டில்பார், பெடல், சீட், முன் சக்கரம் எல்லாவற்றையும் கடையில்தான் பூட்டுகிறார்கள். ஆகவே கம்பெனி எவ்வளவு முக்கியமோ, பூட்டுகிற கையும் அவ்வளவு முக்கியம்.

3. கம்பெனி போனாலும் வண்டி ஓடணும்

வண்டி வாங்கப் போன அன்று அப்பா கடைக்காரரிடம் விலையைக் கூட முதலில் கேட்கவில்லை. "ஏனுங்க, இதுக்குச் சாமான் எங்கூர்ல கிடைக்குமுங்களா?" என்றுதான் கேட்டார். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரிதான் நினைவில் நிற்கும் என்றால் அந்தக் கேள்வியே நிற்கட்டும்.

ஏனென்று சொல்கிறேன். இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் கொண்டுவந்த ரோவர் வண்டியில் இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின் சக்கரத்துக்குச் செயின். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1880-இல், ஹான்ஸ் ரெனால்ட் புஷ் ரோலர் செயினைச் செய்திருந்தார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். நம் வண்டியின் அடிப்படை அன்றைக்கே முடிவாகிவிட்டது. நம் நாட்டில் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் அங்கிருந்து வந்த பெயர்கள். ஹரியானாவின் சோனிபட்டில் அட்லஸ் 1951-இல், லூதியானாவில் ஹீரோ 1956-இல் என்று வரிசையாக வந்தன.

அந்த அட்லஸ் 2020 ஜூன் 3-ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, தன் சாஹிபாபாத் ஆலையை நிறுத்தியது. ஆனால் அதனால் அட்லஸ் ரோட்ஸ்டர் வைத்திருந்தவர் யாரும் வண்டியை மூலையில் சாய்த்துவிடவில்லை. 28 இஞ்ச் டயர், டியூப், ரிம், பிரீ வீல், செயின், பால்ஸ் எல்லாம் எல்லாக் கம்பெனி ரோட்ஸ்டருக்கும் பொது அளவு. எந்தக் கடையிலும் வேறு கம்பெனி சாமான் பொருந்தும். நம் பாடத்தில் 'இன்டர்சேஞ்சபிலிட்டி' என்று படிக்கிறோமே, அது இதுதான்! புதுசாக எந்த மாடல் வந்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பொது அளவு இல்லாத சாமான் எத்தனை இருக்கிறதோ, அத்தனை நாள் உங்கள் வண்டி கடையில் கிடக்கும்.

4. பிரேம்

டிப்ளமோ படிக்கிறவருக்குப் பிரேமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முக்கோணம் வடிவம் மாறாது என்று மெக்கானிக்ஸில் படித்ததுதான். பின் பாதி சுத்தமான முக்கோணம், முன் பாதி ஏறக்குறைய முக்கோணம். லேடீஸ் வண்டியில் மேல் பார் இறங்கியிருப்பதால் பாரம் ஏற்றும்போது சற்று அதிகமாக முறுக்கிக் கொடுக்கும். பையும் டிபன் பாக்ஸும் கொண்டுபோக அது தாராளமாகப் போதும்.

ரோட்ஸ்டர் பிரேம் பெரும்பாலும் 22 இஞ்ச், உயரமானவர்களுக்கு 24 இஞ்ச். காலை அகட்டி வண்டியின்மேல் நின்று பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிந்து, பாருக்கும் உங்களுக்கும் நடுவில் ஒன்றிரண்டு அங்குலம் இடைவெளி இருந்தால் சரியான அளவு. "வளர்ற பையன், பெருசா வாங்கிக்கலாம்" என்று வீட்டில் சொல்வார்கள். பதினெட்டு வயதில் இனி எவ்வளவு வளரப் போகிறோம்? வேண்டாம்.

சீட் உயரத்துக்கும் ஒரு கணக்கு. பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்கால் வலி நிச்சயம்.

நம் வகுப்புத் தோழிகளுக்கு ஒரு செய்தி. 1991-92-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்து ஓட்டினார்கள். ஆகவே லேடீஸ் வண்டிதான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. உயரமும் உடையும் எதற்கு ஒத்துவருகிறதோ அதை வாங்குங்கள்.

5. சக்கரமும் டயரும்

இப்போது நம் ஷெட்டில் பாதி வண்டி 26 இஞ்ச், தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த போர்க். பார்க்க ஜோர்தான்! அதே 44, 18 பல் என்று வைத்துக்கொண்டால் 26 x 2.125 டயரில் ஒரு மிதிக்கு 5.12 மீட்டர்தான் போகும். என் 9 கிலோமீட்டருக்கு 28 இஞ்சில் சுமார் 1,650 மிதி, 26 இஞ்சில் சுமார் 1,760 மிதி. இந்த வித்தியாசம் பெரிசில்லை. ஸ்பிரிங்தான் பெரிசு. எழுந்து நின்று மிதிக்கும்போது நம் பலத்தில் ஒரு பங்கை அது அமுங்கி எழுந்தே தின்றுவிடும். எடையும் கூடும். தார் ரோட்டில் அதற்கு வேலையே இல்லை.

ரொம்ப ஒல்லியான டயரும் நமக்கு ஆகாது. குழியில் இறங்கினால் டியூப் ரிம்மில் கடிபட்டுவிடும். ரோட்டோரமெல்லாம் சீமைக்கருவேல முள் வேறு. நடுத்தர அகலம், பொது அளவு, கெட்டியான டயர், இதுவே நம் ஊருக்கு ஏற்றது. டயரின் பக்கத்தில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். அந்த அளவுக்கு அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் மிதியைப் பாரமாக்கும், பஞ்சரையும் கூட்டும்.

ஸ்போக்கை எண்ணிப் பாருங்கள். பழைய மாதிரி ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40. நம் எடையும் கேரியர் பாரமும் பின் சக்கரத்தில்தான் அதிகம் விழுகிறது, அதற்காகவே இந்த ஏற்பாடு. டபுள்ஸ் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்!

6. பிரேக்

கம்பி பிரேக்கைப் பழசு என்று கேலி செய்ய வேண்டாம். அதன் கட்டைகள் ரிம்மை உள்பக்கத்திலிருந்து, அச்சைப் பார்த்த பக்கத்தில் பிடிக்கின்றன. அதனால் ரிம் பக்கவாட்டில் லேசாகக் கோட்டமாகிவிட்டாலும் பிரேக் வேலை செய்யும். கேபிள் பிரேக் ரிம்மின் இரண்டு பக்கத்தையும் கிடுக்கி போலப் பிடிக்கிறது. அதற்கு ரிம் நேராக இருந்தே ஆகவேண்டும். ஆனால் பிடி நன்றாக இருக்கும், சாமானும் எளிதாகக் கிடைக்கும். இரண்டில் எது வாங்கினாலும் குற்றமில்லை.

கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது மழைக்காலச் சங்கதி. பளபளவென்ற இரும்பு ரிம் நனைந்துவிட்டால் ரப்பர் கட்டைக்குப் பிடிப்பே இருக்காது. மழையில் முன்கூட்டியே லேசாக அழுத்தி, ரிம்மில் உள்ள தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வாருங்கள். அலுமினிய ரிம் இந்த விஷயத்தில் மேல். அத்தோடு பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால் வண்டியை நிறுத்துகிற பலம் முன் பிரேக்கில்தான் அதிகம். பின் பிரேக்கை மட்டும் நம்பி லாரிக்குப் பின்னால் போகாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள்.

7. காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

முதலாவது, முன் சக்கரத்தைத் தூக்கி மெதுவாகச் சுற்றிவிடுங்கள். நிற்கும்போது கனமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். பெரும்பாலும் அது வால் இருக்கும் பக்கம். வெடுக்கென்று நின்றால் கோன் இறுக்கமாக இருக்கிறது.

இரண்டாவது, ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். லொடலொடவென்றால் கோன் தளர்ச்சி. இரண்டுமே ஸ்பானர் போட்டுச் சரி செய்யக் கூடியவை. ஆனால் அங்கேயே செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சக்கரம் சுற்றும்போது பிரேக் கட்டைக்கும் ரிம்மிற்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது கூடிக் குறைந்தால் கோட்டம் எடுக்க வேண்டும்.

நான்காவது, செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குல ஆட்டம் இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் பால்ஸ் தேயும், தொங்கினால் செயின் கழன்று போகும்.

ஐந்தாவது, இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றக் கூடியது. இது தெரியாமல் அவசரத்தில் பூட்டினால் கிராங்க்கின் மரை போய்விடும். பெடல் நேராக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காட்டர் பின் உள்ள வண்டியானால் இரண்டு நட்டும் இறுக்கமா என்று பாருங்கள்.

ஆறாவது, மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, பெல், பூட்டு. இவை சேர்த்து விலையா, தனியா என்று முன்பே கேளுங்கள். செயின் கவர் இல்லாத வண்டி அழகுதான். பேண்ட் ஓரத்தில் கிரீஸ் பட்டால் துவைப்பது அம்மாதானே! டிராயிங் போர்டும் சீட்டும் கட்டிக்கொண்டு வர கேரியர் இல்லாமல் ஆகாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கழுத்துக்குக் கீழே பெயிண்ட் சுருங்கியிருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது. பில் இல்லை, பிரேம் நம்பர் சுரண்டியிருக்கிறது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

8. வாங்கிய பிறகு

புது வண்டியில் முதல் மாதத்துக்குள் ஸ்போக் கொஞ்சம் தளரும், நட்டுகள் அசையும். ஒரு தடவை கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் இறுக்கிவிட வேண்டும். செயினுக்கு மாதம் இரண்டு முறை துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள். துடைக்காமல் எண்ணெய் மட்டும் விட்டால் மண்ணோடு சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை ஓவராயில்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஸ்கேல் போதும். ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 கண்ணி எண்ணி அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 1/8 அங்குலம் நீண்டிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். விட்டுவிட்டால் பல் சக்கரத்தையும் அது தின்றுவிடும், செலவு இரட்டிப்பாகும்.

பஞ்சர் ஒட்டவும் பிரேக் கட்டை மாற்றவும் செயின் மாட்டவும் நாமே கற்றுக்கொள்வது நல்லது. ஒர்க் ஷாப்பில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளக்கிற நம் கைக்கு இது ஒரு வேலையா?

முடிவாக

நண்பர்களே! நல்ல சைக்கிள் எது என்று கேட்டால் நான் ஒரே ஒரு இலக்கணம்தான் சொல்வேன். இன்று மாலை கெட்டுப்போனால், நம் ஊர்க் கடையிலோ நம் கையாலோ சரியாகி, நாளைக் காலை முதல் ஹவருக்கு நம்மைக் கொண்டுவந்து சேர்க்கிற வண்டியே நல்ல வண்டி. அளவான பிரேம், பொது அளவுச் சக்கரம், ஒற்றைப் பல், இரண்டு பிரேக், ஒரு கேரியர். இது போதும். மிச்சமாகிற காசில் ஒரு பம்ப்பும் பஞ்சர் சாமானும் வாங்கி வையுங்கள்.

வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மில் பலருக்கு, தினமும் நேரத்துக்கு வந்து சேர்வதே பாதிப் படிப்பு. மீதிப் படிப்பை நம் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்!

அனைவருக்கும் பஞ்சர் இல்லாத பயணம் அமைய வாழ்த்துகள்.